காற்றுக்குழாய்கள்: எதை எங்கே பொருத்துவது?

கேள்வி: வீடு முழுவதற்கும் ஒரே இயந்திரத்தின் மூலம் குளிர்காற்றும் வெப்பக்காற்றும் அனுப்பும் அமைப்பைப் பொருத்தவிருக்கிறோம். காற்றுக்குழாய்க்கு ஜிஐ தகடு (துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு), கண்ணாடியிழைப் பலகை, ஃப்ளெக்ஸ் டக்ட் (வளையும் குழாய்) ஆகிய மூன்றில் எது சிறந்தது?

பதில்: மூன்றுக்கும் தனித்தனி இடம் உண்டு. ஏர் ஹேண்ட்லரிலிருந்து (காற்றைக் குளிர்வித்தோ சூடாக்கியோ அனுப்பும் இயந்திரம்) புறப்படும் முதன்மைக் குழாய்க்குத் துத்தநாகம் பூசிய இரும்புத் தகட்டையே நான் பரிந்துரைப்பேன். அதன் உட்புறம் வழவழப்பாக இருப்பதால் காற்றுக்கு உராய்வு குறைவு, தூசியை எளிதில் துடைத்தெடுக்கலாம், பல பத்தாண்டுகள் நிலைத்து நிற்கும். ஆனால் வெறும் தகடு வெப்பத்தையும் ஓசையையும் தடுப்பதில்லை என்பதால், அதன்மீது தனியாகக் காப்புறை போர்த்த வேண்டும். கண்ணாடியிழைப் பலகையில் காப்பு உடன்பிறந்தது. இயந்திரத்தின் இரைச்சலையும் அது உறிஞ்சிக்கொள்ளும். ஃப்ளெக்ஸ் டக்டை முதன்மைக் குழாயிலிருந்து அறையின் கிரில் (காற்று வெளிவரும் திறப்பு) வரையிலான கடைசிச் சில அடிகளுக்கு மட்டும் பயன்படுத்துவது நல்லது.

கேள்வி: எங்கள் வீட்டில் முழுவதும் ஃப்ளெக்ஸ் டக்ட்தான். கடைசி அறைக்குக் காற்று மிகக் குறைவாக வருகிறது. இன்னும் பெரிய இயந்திரம் வாங்கினால் சரியாகுமா?

பதில்: பெரும்பாலும் ஆகாது. இயந்திரத்தை மாற்றுவதற்கு முன் ஏணியில் ஏறிப் பொய்க்கூரைக்கு மேலே உள்ள குழாயைப் பாருங்கள். ஃப்ளெக்ஸ் டக்ட் என்பது சுருள் கம்பியின்மேல் ஒட்டிய மெல்லிய பிளாஸ்டிக் படலமும், அதைச் சுற்றிய கண்ணாடியிழைப் போர்வையும், வெளியே ஈரம் புகாத உறையும் சேர்ந்தது. அதை முழு நீளத்துக்கு இழுத்துப் பொருத்தாமல் விட்டால் உட்படலம் மடிப்பு மடிப்பாகச் சுருங்கி, காற்றின் வழியை அடைத்துக்கொள்கிறது. தேவைக்கு மேற்பட்ட நீளத்தை வெட்டி எறிய மனமின்றிச் சுருட்டி வைத்துவிடும் வழக்கம் வருத்தத்துக்குரியது. பாதிக் கோளாறுகள் அங்கேதான் தொடங்குகின்றன. 5 அடிக்கு ஒரு தாங்குபட்டை இருக்க வேண்டும். பட்டையின் அகலம் ஒன்றரை அங்குலத்துக்குக் குறையக்கூடாது. கம்பியால் கட்டினால் அந்த இடத்தில் குழாய் நசுங்கும். இரண்டு தாங்கல்களுக்கு இடையே அடிக்கு அரை அங்குலத்துக்கு மேல் தொய்வு கூடாது. வளைவுகளின் ஆரம் குழாயின் விட்டத்துக்காவது சமமாக இருக்கட்டும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் காற்று குறைந்தால், விட்டம் போதுமா என்று கணக்கிடச் சொல்லுங்கள். ஒரே அளவு காற்றை அனுப்பும்போது, உராய்வால் ஏற்படும் அழுத்த இழப்பு ஏறக்குறைய விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் மாறும். 10 அங்குலக் குழாய் தேவைப்படும் இடத்தில் 8 அங்குலக் குழாயைப் போட்டால், இழப்பு ஏறத்தாழ மூன்று மடங்காகிறது.

கேள்வி: வட்டக் குழாயா, செவ்வகக் குழாயா?

பதில்: இடம் இருந்தால் வட்டம். 12 அங்குல விட்டமுள்ள வட்டக் குழாயின் சுற்றளவு ஏறக்குறைய 38 அங்குலம். அதே பரப்பளவு தரும் 19க்கு 6 அங்குலச் செவ்வகக் குழாய்க்கு 50 அங்குலம். தகடும் கூடும், உராய்வும் கூடும். பொய்க்கூரைக்கு மேல் உயரம் போதாதபோதுதான் செவ்வகம் தேவைப்படுகிறது.

கேள்வி: மூட்டுகளைத் துணி டேப்பால் சுற்றினோம். ஓரிரு ஆண்டுகளில் உரிந்து தொங்குகிறது. என்ன செய்யலாம்?

பதில்: வெப்பமும் குளிரும் மாறி மாறி வரும் இடத்தில் துணி டேப்பின் ரப்பர் பசை காய்ந்து கைவிட்டுவிடும். அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தினர் 1998இல் வெளியிட்ட சோதனை முடிவுகளும் இதையே உறுதிப்படுத்தின. டேப்பை நீக்கி, மூட்டைத் திருகுகளால் இறுக்கி, மேலே மாஸ்டிக் எனும் குழைவான அடைப்புப் பசையைத் தூரிகையால் தடித்துப் பூசுங்கள். இடைவெளி அகலமாக இருந்தால் கண்ணாடியிழை வலையைப் பதித்துப் பூச வேண்டும். அறைக் காற்றை இயந்திரத்துக்குத் திருப்பி எடுத்துச் செல்லும் திரும்பு காற்றுக் குழாயையும் மறந்துவிடாதீர்கள். அது காற்றை உள்ளிழுப்பதால், அதில் உள்ள ஓட்டை கூரைப்பகுதியின் தூசியையும் புழுக்கத்தையும் நேராக உங்கள் அறைக்குள் கொண்டுவந்து சேர்க்கும்.

கேள்வி: குளிரூட்டி ஓடும்போது கூரையில் ஈரக்கறை தோன்றுகிறது. குழாய் ஒழுகுகிறதா?

பதில்: குழாய்க்குள் நீர் இல்லை; வெளிக்காற்றின் ஈரம்தான் குளிர்ந்த பரப்பில் படிந்து சொட்டுகிறது. குழாயினுள் ஏறக்குறைய 13 முதல் 15 டிகிரி செல்சியஸில் காற்று ஓடுகிறது. புழுக்கமான காற்றின் பனிநிலையோ (ஈரம் நீர்த்துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 25 டிகிரியையும் எட்டக்கூடும். காப்புறையின் வெளிப்புற ஃபாயில் கிழிந்த இடத்திலும், பட்டையை இறுக்கிக் கட்டிப் போர்வை நசுங்கிய இடத்திலும் வியர்ப்பு முதலில் தெரியும். நனைந்த போர்வையை உலர்த்திப் பயன்படுத்த முயலாமல், அந்தப் பகுதியை மாற்றிவிட்டு ஃபாயில் டேப்பால் வெளியுறையை இடைவெளியின்றி மூடுங்கள்.

கேள்வி: கண்ணாடியிழைப் பலகைக் குழாயில் பூஞ்சை வளரும் என்கிறார்களே?

பதில்: கண்ணாடியிழை பூஞ்சைக்கு உணவாவதில்லை, அதில் படியும் தூசியும் ஈரமும் சேர்ந்தால்தான் வளரும். நல்ல ஃபில்டரும் ஒழுங்கான நீர்வடிகாலும் இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. ஒருமுறை ஊறிப் பூஞ்சை பிடித்துவிட்டால் கழுவிப் பயனில்லை, அப்பகுதியை அகற்றத்தான் வேண்டும்.

கேள்வி: பழைய வீட்டின் தகட்டுக் குழாய் மூட்டுகளில் காகிதம் போன்ற வெள்ளைப் பட்டை ஒட்டியிருக்கிறது. உரித்துவிடலாமா?

பதில்: தயவுசெய்து தொடாதீர்கள். அது அஸ்பெஸ்டாஸாக இருக்கக்கூடும். பார்வையால் மட்டும் கண்டறிய இயலாது. உரிக்கும்போது பறக்கும் நுண்ணிழைகள் நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகளுக்குப் பிறகும் கொடிய நோயைத் தரும். பயிற்சி பெற்றவரைக் கொண்டு மாதிரி எடுத்துச் சோதித்த பின்னரே அந்தக் குழாயில் வேறு எந்த வேலையையும் தொடங்குங்கள்.