நிரலாக்கத்தில் உள்ளீடு, வெளியீடு, லூப் ஆகியவற்றைப் புரிந்துகொள்வது எப்படி?

ஒவ்வொரு கட்டளையும் தனித்தனியே புரிகிறது, ஆனால் மூன்றும் ஒரே நிரலில் சேர்ந்து வரும்போது உள்ளே என்ன நடக்கிறது என்பது பிடிபடவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிளஸ் ஒன், பிளஸ் டூ மாணவர்களுக்கு மாலை வேளைகளில் கணினி அறிவியல் சொல்லித் தருகிறேன். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பதினோராம் வகுப்பில் சி பிளஸ் பிளஸும் பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தானும் இருக்கின்றன. மொழி மாறினாலும் மாணவர்கள் தடுமாறும் இடம் இதுவாகவே இருக்கிறது. அவர்களுக்குச் சொல்வதையே உங்களுக்கும் சொல்கிறேன்: கணினியைத் திறப்பதற்கு முன் ஒரு தாளை எடுத்து, நிரலின் ஒவ்வொரு வரியையும் உங்கள் கையாலேயே ஓட்டிப் பாருங்கள். இதை டிரை ரன் என்பார்கள்.

எங்கள் முதுநகர்த் துறைமுகத்தில் ஒரு வியாபாரி ஏலத்தில் எடுத்த மீன்கூடைகளின் மொத்த எடையைக் கணக்கிட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எத்தனை கூடைகள் என்பது முன்கூட்டியே தெரியாது; எடைகளை ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டே வந்து, முடிந்ததும் 0 என்று கொடுப்பார். பைத்தான் 3-இல் மாறிகளுக்கு, அதாவது மதிப்புகளைப் போட்டு வைக்கும் இடங்களுக்கு, தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்பதால், மொத்தம், எடை என்று இரண்டு மாறிகளை வைத்துக்கொள்வோம். முதலில் மொத்தம் 0. பிறகு முதல் கூடையின் எடையை உள்ளீடாக வாங்குகிறோம். எடை 0 ஆக இல்லாதவரை இரண்டு வேலைகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன, இப்படித் திரும்பச் செய்வதுதான் லூப்: எடையை மொத்தத்துடன் கூட்டுவது, அடுத்த எடையை வாங்குவது. லூப் முடிந்த பின் மொத்தத்தைத் திரையில் காட்டுகிறோம்.

தாளில் எடை, மொத்தம் என்று இரண்டு பத்திகள் போடுங்கள். உள்ளீடு 12, 8, 15, 0 என்று வருகிறது. முதல் சுற்றில் மொத்தம் 12 ஆகி, எடை 8 ஆகிறது. இரண்டாம் சுற்றில் மொத்தம் 20, எடை 15. மூன்றாம் சுற்றில் மொத்தம் 35, எடை 0. இப்போது நிபந்தனை பொய்யாகிவிட்டதால் லூப் நின்று, 35 திரையில் வருகிறது. மாறியில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மதிப்புதான் இருக்கும், புதியது வந்ததும் பழையது அழிந்துவிடும் என்பது இந்த அட்டவணையைப் போடும்போதுதான் உறைக்கும்.

அதோடு நிறுத்திவிடாமல், வரிகளை வேண்டுமென்றே இடம் மாற்றி ஓட்டிப் பாருங்கள். இதுதான் மிகுந்த பலன் தரும் பயிற்சி என்பது என் உறுதியான கருத்து. லூப்புக்குள் கூட்டுவதற்கு முன்பே அடுத்த எடையை வாங்கினால், முதல் கூடையின் 12 கூட்டப்படாமலேயே அழிந்து, விடை 23 என்று வரும். மொத்தத்தை 0 ஆக்கும் வரியை லூப்பின் உள்ளே முதல் வரியாக வைத்தால், ஒவ்வொரு சுற்றிலும் பழைய கூட்டல் அழிந்து, கடைசிக் கூடையின் 15 மட்டுமே மிஞ்சும். லூப்புக்குள் உள்ளீடு வாங்கும் வரியை விட்டுவிட்டால், எடை 12 ஆகவே நின்றுவிடும். மொத்தம் 12, 24, 36 என்று முடிவில்லாமல் ஏறும், நீங்கள் கண்ட்ரோல் விசையுடன் சி விசையை அழுத்தித்தான் நிறுத்த வேண்டியிருக்கும். வெளியீட்டு வரியை உள்ளே தள்ளி எழுதினால் 12, 20, 35 என்று மூன்றும் வரும். வெளியே எழுதினால் 35 மட்டும். பைத்தானில் ஒரு வரி லூப்பைச் சேர்ந்ததா இல்லையா என்பதை அதன் முன்னால் விடும் இடைவெளியே தீர்மானிக்கிறது.

உள்ளீட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பைத்தானின் இன்புட் கட்டளை எதை வாங்கினாலும் அதை எழுத்துகளின் சரமாகவே தரும். எண்ணாக மாற்றாமல் 12-ஐயும் 8-ஐயும் கூட்டினால் 20 வராமல், ஒட்டிக்கொண்டு 128 என்று வரும். கூடையின் எடை 12.5 கிலோவாகவும் இருக்கக்கூடும் என்பதால் முழு எண்ணாக மாற்றும் இன்ட் இங்கே உதவாது, நிரல் பிழை காட்டி நின்றுவிடும், தசம எண்ணாக மாற்றும் ஃப்ளோட் வேண்டும். சி பிளஸ் பிளஸில் இது இன்னும் ஆபத்தானது. முழு எண் மாறிக்கு 12.5 என்று கொடுத்தால் 12 மட்டும் உள்ளே போகும். மிச்சமிருக்கும் புள்ளி ஐந்தை அடுத்த முறை வாசிக்கும்போது அந்த வாசிப்பு தோற்று, 2011-ஆம் ஆண்டுத் தரத்தைப் பின்பற்றும் கம்பைலர்களில் (நிரலைக் கணினிக்குப் புரியும் மொழிக்கு மாற்றும் மென்பொருள்கள்) மாறிக்குள் 0 வந்துவிடும். நம் நிரலில் 0 என்பது முடிவுக்கான அடையாளம். ஆகவே எந்தப் பிழைச்செய்தியும் இல்லாமல் லூப் முடிந்து, 12 என்ற தவறான விடை சரியான விடையைப் போலவே திரையில் நிற்கும்.

ஃபார், வைல் என்ற இரண்டு வகை லூப்புகளில் எதை எப்போது பயன்படுத்துவது என்று பலர் குழம்புகிறார்கள். எத்தனை முறை என்பது முன்பே தெரிந்தால் ஃபார், தெரியாவிட்டால் வைல் என்று தொடக்கத்தில் வைத்துக்கொண்டால் போதும். பைத்தானில் ஃபாருக்கு எண்களை வரிசையாகத் தரும் ரேஞ்சில் 1, 10 என்று கொடுத்தால் 9 வரைதான் போகும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இதே நிரலில் கூடைகளின் எண்ணிக்கையை எண்ணும் மூன்றாவது மாறி ஒன்றைச் சேர்த்து, இறுதியில் சராசரி எடையைக் காட்ட முயன்று பாருங்கள். அந்த மாறியை எந்த வரியில் 0 ஆக்குவது, எந்த வரியில் ஒன்று கூட்டுவது என்பதை அட்டவணையே உங்களுக்குச் சொல்லிவிடும். எழுதி முடித்த பின், வியாபாரி அன்று கூடையே எடுக்காமல் முதல் உள்ளீடாகவே 0 கொடுத்தால் வகுத்தல் வரியில் என்ன ஆகும் என்பதையும் தாளில் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கணினியில் இயக்குங்கள்.