பழைய பென்ஸின் பெற்றோல் பம்பை வீட்டிலேயே மாற்றலாமா?

கேள்வி: அப்பா வைத்திருந்த 1989ஆம் ஆண்டு பென்ஸ் 230ஈ, டபிள்யூ124 மொடல், இப்போது என்னிடம் இருக்கிறது. மத்தியான வெயிலில் கொழும்புப் பக்கம் ஓடினால் கந்தளாய் தாண்டியதும் இழுவை குறைந்து நின்றுவிடுகிறது. அரை மணித்தியாலம் விட்டால் திரும்ப ஸ்டார்ட் ஆகிறது. பின்பக்கம் கீழே இருந்து ஊளையிடுகிற மாதிரிச் சத்தமும் வருகிறது. பம்ப் போய்விட்டது, கொழும்புக்குக் கொண்டுபோங்கள் என்கிறார் இங்குள்ள மெக்கானிக். மோட்டார் சைக்கிள் வேலை, வீட்டுத் தண்ணீர் மோட்டார் வேலை எல்லாம் நானே செய்வேன். இதையும் வீட்டில் செய்யலாமா?
— உப்புவெளி வாசகர்

பதில்: செய்யலாம். இந்த மொடலில் பம்ப் பெற்றோல் டேங்குக்குள் இல்லை. வண்டிக்குக் கீழே, வலது பின் சில்லுக்குச் சற்று முன்னால், ஒரு பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் பம்பும் ஃபில்டரும், எஞ்சின் நின்ற பிறகும் லைனில் அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் அக்யுமுலேட்டரும் பக்கத்தில் பக்கத்தில் தொங்குகின்றன. சீட் கழற்றவோ டேங்க் இறக்கவோ தேவையில்லை. ஸ்பனர் பிடித்துப் பழகிய கைக்கு ஓர் அரைநாள் வேலை.

ஆனால் பம்புக்குக் காசைக் கொடுக்க முன் அதுதான் குற்றவாளியா என்று பாருங்கள். சூடானதும் நிற்கிறது, ஆறியதும் ஓடுகிறது என்ற அறிகுறி பம்புக்கு மட்டும் சொந்தமில்லை. இந்தக் கார்களில் பம்புக்குக் கரண்டை விட்டு நிறுத்தும் சுவிட்சான பம்ப் ரிலேக்கும் அதே குணம்தான். ரிலேக்குள் இருக்கும் ஈயப் பற்றுகள் முப்பது வருஷச் சூட்டில் மயிரளவு வெடித்துப் போகும். சூடானால் விலகும், ஆறினால் ஒட்டும். இன்னொரு விஷயம், எஞ்சின் சுற்றுகிறது என்ற சிக்னல் இக்னிஷன் பக்கமிருந்து வந்தால்தான் ரிலே பம்புக்குக் கரண்ட் விடும். விபத்தில் எஞ்சின் நின்ற பிறகும் பம்ப் பெற்றோலைத் தள்ளிக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். ஆகவே இக்னிஷன் செத்தாலும் பம்ப் நிற்கும். பம்ப் ஓடவில்லை என்பதை வைத்து மட்டும் பம்ப் பழுது என்று முடிவு கட்ட முடியாது.

சோதனையை வண்டி நிற்கிற அந்த நேரத்திலேயே, நிற்கிற இடத்திலேயே செய்ய வேண்டும். வீட்டுக்கு இழுத்து வந்து, ஆறிய பிறகு பார்த்தால் எல்லாம் நல்லாத்தான் இருக்கும். அடுத்த முறை நின்றதும் முதலில் பெற்றோல் மூடியைத் திறவுங்கள். ‘உஸ்ஸ்’ என்று பலமாகக் காற்றை உள்ளே இழுத்து, உடனேயே வண்டி ஸ்டார்ட் ஆனால் டேங்கின் காற்றுவழி அடைபட்டிருக்கிறது. பம்ப் வாங்கத் தேவையில்லை. அப்படி இல்லையென்றால் ஒருவரைத் திறப்பைத் திருப்பச் சொல்லிவிட்டு, நீங்கள் பின்பக்கம் காதை வையுங்கள். ஸ்டார்ட் பண்ணாமல் ஓன் நிலைக்கு மட்டும் வரும்போது பம்ப் ஒரு செக்கன் அளவுக்கு முனகி நிற்க வேண்டும்.

முனகல் இல்லையா? சரி, பொனற்றுக்குக் கீழே பம்ப் ரிலேயைக் கழற்றுங்கள். அதன் அடியில் கால்களுக்கு எண் இருக்கும். 7ஆம், 8ஆம் கால்கள் செருகும் குழிகளை, நடுவில் 15 ஆம்பியர் பியூஸ் வைத்த ஒரு வயரால் இணைத்தால் ரிலேயைத் தாண்டிக் கரண்ட் நேரே பம்புக்குப் போகும். பம்ப் ஓடுகிறது, வண்டியும் ஸ்டார்ட் ஆகிறது என்றால் குற்றம் ரிலேயில். பம்ப் ஓடியும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் ஸ்பார்க் வருகிறதா பாருங்கள். வயர் போட்டும் பம்ப் மௌனமாக இருந்தால் கீழே போய் அதன் இரண்டு முனைகளிலும் மீற்றரை வையுங்கள். 12 வோல்ற் வந்தும் ஓடவில்லை என்றால்தான் அது பம்ப். வோல்ற் வரவில்லையென்றால் வயரைப் பின்தொடருங்கள். கடற்காற்றில் பச்சை பிடித்த ஒரு முனையில்தான் அநேகமாகப் போய் முடியும்.

பம்ப் ஓடுகிறது, ஆனால் போதுமான அளவு தள்ளவில்லை என்பது இன்னொரு வகை. நீங்கள் சொல்லும் ஊளைச் சத்தத்தையும், நிற்க முன் இழுவை குறைவதையும் பார்த்தால் உங்களுடையது இதுவாக இருக்கலாம். எஞ்சின் பக்கம் டேங்குக்குத் திரும்பும் குழாயைக் கழற்றி, அளவு கீறிய கலனுக்குள் விட்டு, மேலே சொன்ன வயரால் பம்பை 40 செக்கன் ஓட்டுங்கள். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு செய்யுங்கள், சூடான சைலன்சர் குழாய்க்கு மேலே பெற்றோலோடு விளையாட வேண்டாம். ஒரு லீற்றராவது வர வேண்டும். வராவிட்டால் பம்ப், ஃபில்டர், டேங்கின் வெளிவாயில் இருக்கும் வலை மூன்றில் ஒன்று. ஃபில்டர்தான் மலிவு, ஆகவே அதை முதலில் மாற்றி மீண்டும் அளந்து பாருங்கள்.

இனி பம்ப் வாங்குவது. உங்கள் எஞ்சினில் பெற்றோலைத் தெளிப்பது போஷ் நிறுவனத்தின் கேஈ-ஜெட்ரோனிக் முறை. அது 5 பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் வேலை செய்கிறது. சாதாரண ஜப்பான் கார்களின் பம்ப் 3 பார் அளவுக்கு ஆனது. “எல்லாம் பெற்றோலைத்தானே தள்ளுது, இதைப் போட்டு ஓட்டலாம்” என்று ஒருவர் மலிவாக ஒன்றைத் தந்தால் வாங்காதீர்கள். வெறும் ஓட்டத்தில் ஒருவேளை சமாளித்தாலும், ஹபரணைக் காட்டுக்குள் ஏறி மிதிக்கும்போது கையை விரிக்கும். கொழும்பில் பழைய உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் கழற்றிய பழைய பம்புகளும் கிடைக்கும். கதவு, லைட், கண்ணாடி என்றால் பழையது வாங்குவதில் தவறில்லை. பம்பை மட்டும் புதிதாக வாங்குங்கள். பழைய பம்பின் உடலில் பொறித்திருக்கும் போஷ் எண்ணைப் படம் எடுத்து அனுப்பினால் கடைக்காரர் சரியானதைத் தேடித் தருவார். ஃபில்டரும், இணைப்புகளுக்கான செப்பு வாஷர்களும், டேங்கிலிருந்து பம்புக்கு வரும் ரப்பர் குழாயும் அதன் கிளிப்புகளும் கூடவே வேண்டும். செப்பு வாஷர் ஒருமுறை நசுங்கினால் அதன் ஆயுள் முடிந்தது. பழையதைத் திருப்பிப் போட்டு இறுக்குவது நம் ஊர்ப் பழக்கம், பெற்றோல் விஷயத்தில் அந்தப் பழக்கம் வேண்டாம்.

வேலை செய்யும் இடத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆபத்து முழுவதும் அங்கேதான். பெற்றோல் ஆவி காற்றை விடக் கனமானது. தரையோடு தவழ்ந்து போய்ப் பள்ளத்தில் தேங்கும். நாலு பக்கம் அடைத்த கராஜ் வேண்டாம், வெளியில் நிழலில் செய்யுங்கள். குசினிப் பக்கம் வேண்டாம். தண்ணீர் மோட்டாரின் சுவிட்சை யாரும் தட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பொழுதுபட்டால் நுளம்புத்திரி கொளுத்துவார்கள், சாமிக்கு விளக்கேற்றுவார்கள். ஆகவே காலையில் தொடங்கி வெயில் ஏற முன் முடியுங்கள். வெளிச்சத்துக்கு எல்ஈடி டோர்ச் போதும், வயரில் தொங்கும் குண்டு பல்ப் கீழே விழுந்து உடைந்தால் அந்த ஒரு பொறி போதும். தூள் வகைத் தீயணைப்புக் குப்பி ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பெற்றோல் தீயில் தண்ணீர் ஊற்றினால் தீ மிதந்து பரவும்.

உப்புவெளி மணலில் ஜக் புதையும். அதற்கு அடியில் அகலமான தடித்த பலகை போடுங்கள். பின் சில்லுகளுக்கு நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியலின் கீழ் ஜக்கைக் கொடுத்துத் தூக்கி, இரண்டு பக்கமும் ஸ்டாண்டில் இறக்குங்கள். சீமெந்துக் கல்லை அடுக்கி அதன்மேல் காரை வைத்துவிட்டுக் கீழே படுக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கல் வெடிக்க முன் அறிவித்தல் தராது. முன் சில்லுகளுக்குக் கட்டை கொடுக்க மறக்க வேண்டாம். இந்த வண்டியில் பார்க்கிங் பிரேக் பின் சில்லுகளை மட்டும்தான் பிடிக்கும், அவற்றைத் தூக்கிவிட்டால் வண்டியைப் பிடிக்க ஒன்றும் இல்லை.

டேங்கில் பெற்றோல் கால்வாசிக்குக் கீழே இருக்கும் நாளில் தொடங்குங்கள். வாயால் உறிஞ்சி எடுக்கும் வேலை வேண்டாம். எஞ்சின் ஓடும்போது பம்ப் ரிலேயைக் கழற்றினால் கொஞ்சத்தில் தானாக நிற்கும். பிறகு பெற்றோல் மூடியைத் திறந்து விடுங்கள், பட்டறியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். அப்படியும் லைனில் அழுத்தம் மிச்சம் இருக்கும். அக்யுமுலேட்டரின் வேலையே அதைப் பிடித்து வைப்பதுதான். கண்ணாடி அணிந்து, இணைப்பைத் துணியால் சுற்றி, கால் சுற்று மட்டும் தளர்த்திச் சீறல் அடங்கும்வரை காத்திருங்கள்.

பிளாஸ்டிக் மூடியைக் கழற்றியதும் முன்னுக்கு வருவது துருதான். கடலோர வண்டியில் இந்த வேலையின் பாதி அதோடு மல்லுக்கட்டுவதில் போகும். முதல் நாள் இரவே எல்லா நட்டுக்கும் துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊற விடுங்கள். கம்பித் தூரிகையால் புரிகளைத் துப்புரவாக்குங்கள். குழாய் இணைப்புகளைத் தளர்த்தும்போது எப்போதும் இரண்டு ஸ்பனர்: ஒன்று திருப்ப, மற்றது எதிர்ப்பக்கம் பிடிக்க. ஒற்றை ஸ்பனரால் இழுத்தால் இரும்புக் குழாய் முறுகிப் போகும். அப்படி ஒரு குழாய் முறுகினால் அரைநாள் வேலை வாரக் கணக்காகும்.

டேங்கிலிருந்து வரும் ரப்பர் குழாயைக் கழற்ற முன் அதைக் கிளாம்பால் நசுக்கிப் பிடியுங்கள். டேங்க் பம்பை விட உயரத்தில் இருப்பதால் விட்டால் உள்ளதெல்லாம் உங்கள் கைவழியே வடிந்து, முழங்கையால் அக்குளுக்குப் போகும். கீழே ஓர் இரும்புத் தட்டம் வையுங்கள். வடிந்த பெற்றோலை மணலில் ஊற்ற வேண்டாம். நம் பகுதி மணலில் எது ஊற்றினாலும் நேரே கிணற்றுத் தண்ணீருக்குப் போய்ச் சேரும்.

பம்பைப் பிடித்திருக்கும் வளையத்தைத் தளர்த்தி வெளியே எடுக்கும்போது அதைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் உறையைக் கவனியுங்கள். பலர் அதைக் குப்பை என்று எறிந்துவிடுகிறார்கள். பம்பின் உலோகமும் தாங்கியின் உலோகமும் நேரே தொட்டால், உப்பு ஈரம் சேர்ந்து இரண்டும் அரித்துப் போகும், அதைத் தடுக்கத்தான் அந்த உறை. ஃபில்டருக்கும் அப்படியே. கிழிந்திருந்தால் புதிது போடுங்கள். வயர் முனைகள் இரண்டும் வெவ்வேறு அளவு என்பதால் மாறிப்போகாது, ஆனாலும் கழற்ற முன் ஒரு படம் எடுத்து வைப்பதில் நட்டமில்லை. ஃபில்டரில் இருக்கும் அம்புக்குறி எஞ்சினை நோக்க வேண்டும். முனைகளைப் பூட்டிய பின் மேலே கொஞ்சம் கிறீஸ் தடவினால் பச்சை பிடிக்காது.

எல்லாம் பூட்டியாயிற்றா? உடனே ஸ்டார்ட் பண்ண வேண்டாம், வண்டியை இறக்கவும் வேண்டாம். பட்டறியை இணைத்து, ரிலே குழியில் அந்த வயரைப் போட்டுப் பம்பை அரை நிமிஷம் ஓட்டுங்கள். ஒருவர் வயரைப் பிடிக்க, மற்றவர் கீழே பார்க்க வேண்டும். ஒவ்வொரு இணைப்பையும் காய்ந்த டிஷ்யூத் தாளால் ஒற்றுங்கள். ஈரம் பட்டால் நிறுத்தி, அழுத்தம் இறக்கி, அந்த வாஷரைப் பாருங்கள். ‘ஒரு சொட்டுத்தானே’ என்று விடும் இடம் இதுவல்ல. பத்து நிமிஷம் விட்டு மறுபடி ஒற்றுங்கள். காய்ந்தே இருந்தால் ரிலேயைப் பூட்டி ஸ்டார்ட் பண்ணலாம். முதலில் கொஞ்சம் அடம்பிடிக்கும், பரவாயில்லை. நிலாவெளி வீதியில் ஒரு ஓட்டம் போய் வந்து மீண்டும் ஒருமுறை கீழே பாருங்கள்.

பம்ப் மாற்றிய பிறகும், ஓடி வந்து நிறுத்தி இருபது நிமிஷத்தில் ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் நீண்ட நேரம் இழுக்கிறதா? அது பம்ப் தள்ளும் பலத்தில் உள்ள குறை அல்ல. நின்ற வண்டியில் அழுத்தத்தைப் பிடிக்க வேண்டிய அக்யுமுலேட்டரோ பம்பின் வால்வோ பிடிக்கவில்லை.

கழற்றிய பழைய ஃபில்டரை எறிய முன் ஒரு காரியம் செய்யுங்கள். பெற்றோல் உள்ளே நுழையும் பக்கத்தால் அதைக் கவிழ்த்து, மிச்சத்தை ஒரு வெள்ளைப் பீங்கானில் ஊற்றிப் பாருங்கள். தெளிவாக இருந்தால் நல்லது. கபில நிறத்தில் தூள் அடியில் படிந்தால் டேங்க் உள்ளே துருப்பிடித்திருக்கிறது. 2022 தட்டுப்பாட்டில், சீனக்குடாவில் 99 எண்ணெய்க் குதங்களை வைத்துக்கொண்டு நாங்கள் வரிசையில் நின்ற அந்த மாதங்களில், பல வண்டிகள் அரைகுறை டேங்கோடு கிடந்தன. வெறும் டேங்கின் சுவரில்தான் ஈரம் பிடித்துத் துரு ஏறும். உங்கள் அப்பாவின் வண்டியும் அப்படிக் கிடந்ததென்றால் பம்ப் ஊளையிடுவதற்குக் காரணம், டேங்கின் வெளிவாயில் இருக்கும் வலை அடைபட்டுப் பம்ப் பெற்றோலுக்குத் தவிப்பதாகவும் இருக்கலாம். வலையைக் கழற்ற 46 மில்லிமீற்றர் சொக்கெற் வேண்டும், டேங்கை முழுவதும் காலியாக்கவும் வேண்டும். அந்த வேலையை மட்டும் வீட்டில் வைத்துக்கொள்ளாமல், பெற்றோல் வாங்கிவைக்கப் பெரிய கலன்களும் திறந்த இடமும் உள்ள ஒரு கராஜில் கொடுங்கள். வலையைப் பார்க்காமல் புதுப் பம்பைப் பூட்டினால், அதுவும் சில மாதங்களில் இதே ஊளையைத் தொடங்கும்.