மூவருக்கு ஒரு ‘டபுள்’ ரூம்: டோக்கியோ ஹோட்டலுக்குப் பணம் கட்டும் முன்

கேள்வி: கரூரில் வீட்டு உபயோகத் துணிகள் தயாரித்து ஏற்றுமதி செய்கிறோம். வரும் பிப்ரவரியில் டோக்கியோ ‘பிக் சைட்’ வளாகத்தில் ஒரு கண்காட்சிக்குப் போகிறேன். மனைவியையும் மகனையும் கூட அழைத்துப் போக ஆசை. மகனுக்கு நவம்பரில் ஆறு வயது முடிந்தது, ஒன்றாம் வகுப்பு படிக்கிறான். ஷின்ஜுகு ஸ்டேஷனிலிருந்து ஐந்து நிமிட நடையில் ஒரு பிசினஸ் ஹோட்டல், டபுள் ரூம், ஐந்து இரவு என்று டிராவல்ஸ்காரர் சொல்கிறார். பையனைக் கணக்கில் காட்ட வேண்டாம், அங்கே யாரும் பார்க்க மாட்டார்கள் என்கிறார். இந்த வாரமே முழுப் பணத்தையும் கட்ட வேண்டுமாம், ரத்து செய்தால் திரும்ப வராதாம். கட்டலாமா? மூன்று பேர் அந்த ரூமில் தங்க முடியுமா?

பதில்: கட்டாதீர்கள். நீங்கள் அனுப்பிய வவுச்சர் மாதிரியைப் பார்த்தேன். அதில் இருப்பது டபுள் ரூமே அல்ல, ‘செமி டபுள்’. அந்த ‘செமி’யை உங்களிடம் சொல்லும்போது விட்டுவிட்டார். ஜப்பானில் செமி டபுள் கட்டிலின் அகலம் சுமார் 120 சென்டிமீட்டர், நம் கணக்கில் நான்கடிக்கு ஒரு விரற்கடை குறைவு. ஒருவர் தாராளமாகப் படுக்கலாம். கணவனும் மனைவியும் ஒருக்களித்துச் சமாளிக்கலாம். நடுவில் ஆறு வயதுப் பையனுக்கு இடம் கிடையாது.

அறையின் அளவையும் பாருங்கள். 12 சதுர மீட்டர் என்று போட்டிருக்கிறது, சுமார் 130 சதுர அடி. குளியலறை, வாசலை ஒட்டிய நடை, கட்டில், மேசை எல்லாம் அதற்குள்ளேதான். குளியலறை என்பது ஒரே வார்ப்பாகச் செய்த பிளாஸ்டிக் கூடு. தொட்டி, கழிப்பறை, வாஷ்பேசின் மூன்றும் அதில் அடக்கம். 1964 ஒலிம்பிக்ஸுக்காக டோக்கியோவில் ஒரு பெரிய ஹோட்டலை அவசரமாகக் கட்டி முடிக்க வேண்டியிருந்தபோது பெரிய அளவில் பயனுக்கு வந்த முறை அது. தனியாக வந்து, இரவு படுத்து, காலையில் கிளம்பும் அலுவலக ஊழியருக்காகவே பிசினஸ் ஹோட்டல்களை வடிவமைத்தார்கள். அந்த வேலைக்கு அவற்றை மிஞ்ச ஆளில்லை. சுத்தம், பாதுகாப்பு, வெந்நீர், இரவு உடை, துணி துவைக்கக் காசு போடும் இயந்திரம் எல்லாம் உண்டு. ஆனால் இரண்டு பெரிய சூட்கேஸ்களைத் தரையில் ஒரே நேரத்தில் திறந்து வைக்க இடம் இருக்காது. ஐந்து இரவு இப்படி என்றால் உங்கள் மனைவி பாடு என்ன என்று யோசியுங்கள். பகலெல்லாம் கண்காட்சி அரங்கில் இருக்கப்போவது நீங்கள் ஒருவர்தான்.

அடுத்து, பையனை மறைக்கும் யோசனை. இதைச் சொல்லும் ஏஜென்ட்டுகள் மீது எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. நம் ஊர் லாட்ஜில் எக்ஸ்ட்ரா பெட் போட்டுச் சமாளிக்கிற பழக்கத்தை அப்படியே அங்கே கொண்டுபோகிறார்கள். ஜப்பானில் தங்குபவர் ஒவ்வொருவரின் பெயரையும் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும் என்பது விடுதிச் சட்டம். அந்நாட்டில் முகவரி இல்லாத வெளிநாட்டவரின் பாஸ்போர்ட்டை வாங்கி நகல் எடுத்துக்கொள்வார்கள், அது வழக்கமான நடைமுறை. உங்கள் மூவர் பாஸ்போர்ட்டையும் கேட்பார்கள். பதிவில் இருவர், எதிரே நிற்பது மூவர் என்றால் கவுன்ட்டரில் இருப்பவர் பணிவாகத் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்பார், ஆனால் சாவி தர மாட்டார். இன்னொரு ரூம் எடுங்கள் என்பார். அன்றைய விலையில், அதுவும் ரூம் காலியாக இருந்தால். அந்த நேரத்தில் உங்கள் ஏஜென்ட்டின் போன் எடுக்காது.

கட்டணமும் பல ஹோட்டல்களில் ஆள் எண்ணிக்கையைப் பொறுத்தே மாறும். அதே ரூம், ஒருவருக்கு ஒரு விலை, இருவருக்கு வேறு விலை. ஆகவே ‘ரூமுக்குத்தானே வாடகை’ என்ற வாதம் அங்கே எடுபடாது.

ஆனால் உங்களுக்கு ஒரு விதிவிலக்கு உண்டு, அதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். சிறு பிள்ளைகள் பெற்றோருடன் ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டால் பல ஹோட்டல்கள் தனிக் கட்டணம் வாங்குவதில்லை. அந்த வயது வரம்புதான் ஹோட்டலுக்கு ஹோட்டல் வேறு. சில இடங்களில் தொடக்கப்பள்ளி முடிக்கும் வரை, அதாவது சுமார் 12 வயது வரை இலவசம். சில இடங்களில் பள்ளியில் சேராத பிள்ளைக்கு மட்டும் இலவசம். இங்கேதான் நம்மவர்கள் குழம்புகிறார்கள். உங்கள் மகன் ஒன்றாம் வகுப்பு படிப்பதால் ‘பள்ளிப் பிள்ளை’ என்று நீங்களே எழுதிவிடுவீர்கள். எழுதாதீர்கள். ஜப்பானில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. ஆறு வயது நிரம்பிய பிறகு வருகிற ஏப்ரலில்தான் தொடக்கப்பள்ளியில் சேர்ப்பார்கள். நவம்பரில் ஆறு முடிந்த பிள்ளை, பிப்ரவரியில் அவர்கள் கணக்கில் இன்னும் மழலையர் பள்ளிப் பிள்ளைதான். இதே பயணத்தை மே மாதம் வைத்திருந்தால் அவன் தொடக்கப்பள்ளி மாணவன் ஆகியிருப்பான், சில ஹோட்டல்களில் முழுக் கட்டணம் கேட்டிருப்பார்கள். கரூரில் எந்த வகுப்பு என்பது அங்கே யாருக்கும் பொருட்டல்ல. பிறந்த தேதியை எழுதுங்கள், அது போதும்.

இலவசம் என்பதற்காகச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று அர்த்தமில்லை. கட்டணம் இல்லாத பிள்ளையையும் பதிவில் சேர்க்கத்தான் வேண்டும். ஒரு கட்டிலுக்கு ஒரு பிள்ளை என்பது பொதுவான வரம்பு. செமி டபுளில் ஏற்கெனவே இருவர் இருந்தால் பிள்ளையைச் சேர்க்கச் சம்மதிக்காத ஹோட்டல்கள் நிறைய. காலை உணவுக்குத் தனியாகக் கேட்கலாம்.

இத்தனை சின்ன விஷயத்துக்கு இவ்வளவு சிக்கல் ஏன் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. ஹோட்டலின் ஜப்பானிய மொழிப் பக்கத்தில் ஒரு விதி இருக்கும், ஆங்கிலப் பக்கத்தில் பாதியைக் காணோம். முன்பதிவுத் தளத்தில் ‘இரண்டு பெரியவர், ஒரு குழந்தை’ என்று போட்டால் ரூமே இல்லை என்று காட்டும். அதே ஹோட்டலுக்கு மின்னஞ்சல் அனுப்பினால் தாராளமாக வாருங்கள் என்று பதில் வரும். அந்தத் தளங்களை யாரும் சரிசெய்வதாகத் தெரியவில்லை. இந்தக் குழப்பத்தில்தான் இடைத்தரகர் பிழைக்கிறார். ஆகவே திரையில் தெரிவதை நம்பாமல் ஹோட்டலுக்கே எழுதிக் கேளுங்கள். மிக எளிய ஆங்கிலத்தில் இரண்டு வரி போதும், பெரும்பாலும் ஓரிரு நாளில் பதில் வந்துவிடும்.

உங்கள் குடும்பத்துக்குப் பொருத்தமானது ‘ட்வின்’ ரூம், இரண்டு தனிக் கட்டில்கள் உள்ளது. அதிலும் ‘ஹாலிவுட் ட்வின்’ என்று கேளுங்கள். இரண்டு கட்டிலையும் இடைவெளி இல்லாமல் சேர்த்துப் போட்டிருப்பார்கள், பையன் நடுவில் படுக்கலாம். 18 சதுர மீட்டருக்குக் குறையாமல் பாருங்கள். விலை கூடத்தான் செய்யும். அந்த நாலடிக் கட்டிலில் ஐந்து இரவு தூங்காமல் கிடப்பதை விட இது லாபம்.

இனி அந்த ‘ஐந்து நிமிட நடை’. ஜப்பானில் வீட்டு மனை விளம்பரங்களில் 80 மீட்டரை ஒரு நிமிடம் என்று கணக்குப் போட வேண்டும் என்பது விதி. சிக்னலில் நிற்கும் நேரம், படி ஏறும் நேரம் அதில் சேராது. ஹோட்டல்கள் சொல்லும் நிமிடமும் அதை ஒட்டியதுதான். அதுவும் மிக அருகிலுள்ள வாசலிலிருந்து. நீங்கள் ரயிலை விட்டு இறங்கும் நடைமேடையிலிருந்து அல்ல. ஷின்ஜுகுவில் 200க்கும் மேற்பட்ட வாசல்கள் இருக்கின்றன. உலகிலேயே அதிகப் பயணிகள் புழங்கும் ஸ்டேஷன் என்று கின்னஸில் இடம்பெற்றது அது. டிக்கெட் எடுக்காமலே கிழக்கிலிருந்து மேற்குக்கு நேராக நடந்து போக நடுவில் ஒரு வழி திறந்ததே 2020இல்தான். மேற்குப் பக்கத்து ஹோட்டலுக்குக் கிழக்கு வாசலில் ஏறினால், குழந்தையோடும் பெட்டிகளோடும் அந்த ஐந்து நிமிடம் அரை மணி நேரம் ஆகும்.

பெயரில் ‘ஷின்ஜுகு’ இருப்பதாலேயே ஹோட்டல் அந்த ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் என்று எண்ண வேண்டாம். ஹிகாஷி ஷின்ஜுகு, நிஷி ஷின்ஜுகு, செய்பு ஷின்ஜுகு என்று தனித்தனி ஸ்டேஷன்கள் இருக்கின்றன. உங்கள் வவுச்சரில் வாசலின் பெயரே இல்லை. எந்த ஸ்டேஷன், எந்த வாசல், அதில் லிஃப்ட் உண்டா: மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். வடகிழக்கே கபுகிசோ பகுதியில் மலிவான ஹோட்டல்கள் நிறைய உண்டு. அது இரவுக் கேளிக்கைக்குப் பேர்போன இடம். ஆபத்து என்று சொல்ல மாட்டேன், குழந்தையோடு இரவு பத்து மணிக்கு நடந்து வர நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கண்காட்சிக்குப் போக ஷின்ஜுகு மோசமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அங்கிருந்து புறப்படும் சைக்யோ தடத்து ரயில்களில் பல, ரின்காய் தடத்தில் அப்படியே தொடர்ந்து போகும். அரை மணி நேரத்துக்குள் கொகுசாய் தென்ஜிஜோ ஸ்டேஷனில் இறங்கி ஏழு நிமிடம் நடந்தால் பிக் சைட். ஆனால் காலை நெரிசலில் சைக்யோ ரயிலில் நிற்பது லேசில்லை. நானாக இருந்தால் ஓய்மாச்சி ஸ்டேஷன் பக்கம் தேடுவேன். ரின்காய் தடம் அங்கேயும் நிற்கிறது, பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் கண்காட்சி. ஹனேடா விமான நிலையத்திலிருந்து கேய்க்யூ ரயிலில் ஷினகாவா வந்து, மாறி, ஒரே ஸ்டேஷன். சிறிய ஸ்டேஷன் என்பதால் பையனின் கையை விடாமல் வெளியே வந்துவிடலாம்.

மாதத்தையும் கவனியுங்கள். பிப்ரவரி ஜப்பானில் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக் காலம். ஊர் ஊராக மாணவர்களும் பெற்றோர்களும் வந்து தங்குவது இதே ஸ்டேஷன் பக்கத்து பிசினஸ் ஹோட்டல்களில்தான். அதனால் சீக்கிரம் பதிவு செய்ய வேண்டும் என்று ஏஜென்ட் சொல்வது சரி. அதற்காக ரத்து செய்ய முடியாத ரூமை எடுக்க வேண்டியதில்லை. ரத்து செய்யும் வசதியோடு, அங்கே போய்ப் பணம் கட்டும் முறையில் பல ஹோட்டல்கள் நேரடியாகவே பதிவு தருகின்றன.

விசாவுக்காக முழுப் பணம் கட்டிய ரசீது வேண்டும் என்று அடுத்து மிரட்டுவார். விசா விண்ணப்பத்தில் ஒவ்வொரு இரவும் எங்கே தங்குகிறீர்கள் என்று முகவரி, தொலைபேசியோடு பயணத் திட்டம் எழுத வேண்டும், அவ்வளவுதான். ரத்து செய்யக்கூடிய உண்மையான பதிவு அதற்குப் போதும். ‘டம்மி புக்கிங்’ என்று காசு வாங்கிக்கொண்டு, விசா வந்ததும் ரத்து செய்துவிடும் வியாபாரம் ஒன்று நம் ஊர்களில் கொழிக்கிறது. அந்தப் பக்கமே போகாதீர்கள். பொய்ப் பதிவு என்று தெரிந்தால் கேள்வி உங்கள் பாஸ்போர்ட்டுக்குத்தான் வரும், அவருக்கு வராது. ‘சிட்டி டாக்ஸ்’ என்று முன்பணம் கேட்டாலும் தராதீர்கள். டோக்கியோவின் தங்கும் வரி இப்போதுள்ள விகிதப்படி ஆளுக்கு ஓர் இரவுக்கு 100 அல்லது 200 யென். ஆளுக்கு 10,000 யெனுக்குக் குறைந்த வாடகை என்றால் அதுவும் இல்லை.

சின்னச் சின்னதாக இன்னும் சில. வவுச்சரில் ‘புகை பிடிக்காத அறை’ என்று இருக்கிறதா பாருங்கள். 2020இல் வந்த புகைத் தடை ஹோட்டல் அறைக்குள் செல்லாது, மலிவாகக் கிடைப்பது பல சமயம் புகை நாற்றம் பிடித்த அறைதான். அங்கே மின்சாரம் 100 வோல்ட், தட்டையான இரண்டு முள் பிளக். போன் சார்ஜர் வேலை செய்யும், நம் ஊர் குட்டி ரைஸ் குக்கர் செய்யாது, அறையில் சமைக்கவும் விடமாட்டார்கள். மனைவி சைவம் என்றால் காலை உணவில் வரும் மிசோ சூப்பைத் தொட வேண்டாம், பெரும்பாலும் மீன் சாறு சேர்ந்திருக்கும்.

விமானம் தாமதமாகி நள்ளிரவுக்கு மேல் போய்ச் சேருவதாக இருந்தால் ஹோட்டலுக்குத் தகவல் சொல்லிவிடுங்கள். சொன்ன நேரத்துக்கு வராதவரை ‘வரவில்லை’ என்று எழுதி, முழுக் கட்டணத்தையும் எடுத்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு.

ஏஜென்ட் மூலமாகத்தான் போகவேண்டும் என்று வீட்டில் சொன்னால், ஹோட்டல் கொடுத்த பதிவு எண்ணை முதலில் கேட்டு வாங்குங்கள். அவருடைய கம்பெனி எண் வேண்டாம். ஒரே பதிவு இரண்டு மூன்று கை மாறி விற்கப்படுவது சகஜம். கடைசியில் ஹோட்டலில் உங்கள் பெயரே இருக்காது. அந்த எண்ணைக் குறிப்பிட்டு, ‘இரண்டு பெரியவர், ஒரு பிள்ளை, பிறந்த தேதி இது, ட்வின் அறை, புகை பிடிக்காதது, சரிதானா?’ என்று ஹோட்டலுக்கு நீங்களே எழுதுங்கள். ஆம் என்று அவர்களிடமிருந்து பதில் வந்த பிறகு பணம் கட்டுங்கள். அதற்கு முன் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.