நேர்ந்துவிட்ட பிள்ளை குருமடம் போயே ஆக வேண்டுமா?

கேள்வி: எங்கள் அன்பியத்தில் (பங்குக்குள் அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடும் சிறு குழு) 28 குடும்பங்கள். பெரும்பாலும் காப்பித் தோட்ட வேலை. குருத்துவ இறையழைத்தலுக்காக, அதாவது குருவாக முன்வருவோர் கிடைக்க, செபிக்க நினைக்கிறோம்; ஞாயிறு மன்றாட்டில் ஒரு வரியோடு நின்றுவிடுகிறது.
– வாசகி, ஏற்காடு

பதில்: 28 தோதான எண்ணிக்கை. குடும்பத்துக்கு மாதம் ஒரு நாள். இரவுச் சாப்பாட்டுக்கு முன், அறுவடைக்கு வேலையாட்களை அனுப்ப மன்றாடச் சொல்லும் லூக்கா 10:2 வாசித்து, செபமாலையில் பத்து மணிகளுக்கான செபம். ஐந்து நிமிடம் போதும். ஒரே நோட்டு வீடு வீடாகப் போகட்டும். முடித்தவர் தேதி போட்டு அடுத்த வீட்டில் கொடுக்க வேண்டும். இத்தகைய சங்கிலி அறுவது பக்தி குறைந்து அல்ல, நோட்டு யாரோ ஒருவர் வீட்டு அலமாரியில் தங்கிவிடுவதால்தான். 29, 30, 31 தேதிகளை விடுபட்ட வீடுகளுக்கு ஒதுக்குங்கள்.

முதல் வியாழன் மாலை நற்கருணை ஆராதனை (அர்ச்சிக்கப்பட்ட அப்பத்தின் முன் செபம்) வைக்கலாம். ஒரு மணி நேரத்தில் 20 நிமிடமாவது மௌனம் இருக்கட்டும். பாட்டுக் குழு முழு நேரத்தையும் எடுத்துக்கொள்வதுதான் வழக்கமான கோளாறு. சாமியார் வர முடியாத நாளில், அனுமதி பெற்ற நற்கருணைப் பணியாளர் நற்கருணையை எடுத்து வைக்கலாம், திரும்பப் பேழையில் வைக்கலாம். ஆசீர் மட்டும் கொடுக்கக் கூடாது. அது குருவுக்கும், குருவுக்கு அடுத்த படியில் உள்ள திருத்தொண்டருக்கும் உரியது. பழம் பறிக்கும் மாதங்களில் அரை மணி நேரமாகக் குறைத்துவிடுங்கள்.

இன்னொன்று, மன்றாட்டில் எந்தப் பீடச்சிறுவனின் (பூசையில் உதவும் பையன்) பெயரையும் சொல்லாதீர்கள். பழுத்ததை மட்டும் பறிக்க ஒரே செடிக்குப் பல தடவை போகிறவர்கள் நீங்கள். பச்சைக் காயைக் கூடையில் போட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பத்து வயதில் 'குட்டிச் சாமியார்' என்று பெயர் வாங்கிய பையன், பதினைந்து வயதில் பீடத்துப் பக்கமே வரமாட்டான்.

கேள்வி: பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் என் ஒரே மகன் குருமடம் (குருக்களைப் பயிற்றுவிக்கும் இடம்) போக விரும்புகிறான். சொந்த ஊர் அரூர், இப்போது சூரமங்கலத்தில் இருக்கிறோம். யாரைப் பார்ப்பது?
– வாசகர், சேலம்

பதில்: ஒரே மகன் என்பது திருச்சபைச் சட்டத்தில் தடையே அல்ல. முதலில் இப்போதைய பங்குத்தந்தை. அவர் பரிந்துரையோடு மறைமாவட்ட இறையழைத்தல் பணிக்குழுவின் பொறுப்புக் குரு. சேலம், நாமக்கல் மாவட்டங்கள் சேலம் மறைமாவட்டம்; அரூர் இருக்கும் தருமபுரி 1997-லேயே தனி மறைமாவட்டமாகிவிட்டது. சூரமங்கலத்தில் இருப்பதால் நீங்கள் பார்க்க வேண்டியது சேலத்தில். ஆனால் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) அரூர்ப் பக்கம் நடந்திருந்தால் சான்றிதழ் அந்தப் பங்கில்தான் வாங்க வேண்டும். வீட்டில் கிடக்கும் பழையதைக் கொடுக்காமல் புதிதாக எடுங்கள். உறுதிப்பூசுதல் சான்றும் தேவை.

படிப்பு நீளமானது. மெய்யியல் 2 ஆண்டு, இறையியல் 4 ஆண்டு என்பது குறைந்தபட்சம்; முன்தயாரிப்பு, பணி அனுபவ ஆண்டுகள் தனி. 23 வயது முடியாமல் திருத்தொண்டராக முடியாது, 25 முடியாமல் குருவாக முடியாது. இரண்டுக்கும் நடுவில் ஆறு மாதமாவது இடைவெளி வேண்டும். துறவற சபை என்றால் நவதுறவு (துறவறத் தொடக்கப் பயிற்சி) ஓராண்டு கூடுதல்.

சேர்வதற்கு முன் உறவினருக்கெல்லாம் சொல்லி விருந்து வைக்காதீர்கள். வெட்கத்துக்காக உள்ளேயே தங்கிவிடுகிறவர்கள் உண்டு. எப்போது திரும்பி வந்தாலும் அவன் கட்டில் அதே இடத்தில் கிடக்கும் என்று வாயால் சொல்லி அனுப்புங்கள்.

கேள்வி: மூன்று வயதில் மகனுக்குக் காய்ச்சல் முற்றியபோது, பிழைத்தால் குருவாக்குகிறேன் என்று வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்தேன். இப்போது அவன் பாலிடெக்னிக் போகிறேன் என்கிறான். குற்றமாகுமா?
– வாசகி, ஆத்தூர்

பதில்: அவனுக்கு ஆகாது. நேர்த்தி, நேர்ந்தவரை மட்டுமே கட்டும். திருச்சபைச் சட்டம் 1193 அதைத்தான் சொல்கிறது. யாரையும் எந்தக் காரணத்துக்காகவும் கட்டாயப்படுத்திக் குருப்பட்டம் ஏற்கச் செய்யக் கூடாது என்பது 1026. உங்கள் மனம் உறுத்தினால் பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள். தகுந்த காரணம் இருந்தால் தனிப்பட்ட நேர்த்தியிலிருந்து விடுவிக்கவோ வேறொன்றாக மாற்றவோ அவருக்கு அதிகாரம் உண்டு. குருமாணவர் ஒருவரின் படிப்புக்கு உதவுவது என்றுகூட மாற்றித் தரலாம். மகனைக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம். நீங்கள் மட்டும் போங்கள்.