பி.டி. மாஸ்டர் பதில்கள்: பதினாறு வயதில் ஒன்று, இருபத்தெட்டில் ஒன்று

கேள்வி: பதினாறு வயதில் உயரம் தாண்டுதலில் ஒலிம்பிக் தங்கம் வாங்கிய ஜெர்மன் பெண்ணைப் பற்றிப் போன இதழில் ஒரே வரியில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். அப்புறம் அவர் என்ன ஆனார்?

பதில்: அவர் பெயர் உல்ரிகே மைஃபார்த். பிராங்க்பர்ட்டில் 1956ல் பிறந்தவர், ஆறடியைத் தாண்டிய உயரம். 1972 மியூனிக் ஒலிம்பிக்கின்போது பள்ளி மாணவி. மேற்கு ஜெர்மனி அணியில் மூன்றாவது ஆளாகத்தான் இடம் கிடைத்தது. அதுவரை 1.85 மீட்டருக்கு மேல் தாண்டியதில்லை. சொந்த நாட்டுக் கூட்டம் கத்திக் கொண்டிருக்க, செப்டம்பர் 4 அன்று 1.92 தாண்டி உலக சாதனையைச் சமன் செய்தார். அந்தச் சாதனையை வைத்திருந்த ஆஸ்திரியாவின் இலோனா குசன்பவருக்கு அதே போட்டியில் வெண்கலம்தான். மறுநாள் விடிவதற்குள் ஒலிம்பிக் கிராமத்தில் இஸ்ரேல் அணியினரைப் பணயமாகப் பிடித்துவிட்டார்கள். இந்தப் பெண்ணின் தங்கத்தைக் கொண்டாடும் மனநிலை யாருக்கு இருந்திருக்கும்?

அப்புறம் இறங்குமுகம். 1976 மாண்ட்ரீயலில் தகுதிச் சுற்றோடு வெளியே. பத்தாம் வகுப்பில் மாநில அளவில் ஜெயித்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அடுத்த வருடம் மாவட்டத்தில் தோற்றால் போதும், டீக்கடை வரைக்கும் 'என்னாச்சு?' என்று கேட்பார்கள். பாதிப் பேர் அதோடு ஷூவைக் கழற்றிவிடுவார்கள். இவருக்கு ஒரு நாடே கேட்டது. லெவர்குசன் கிளப்பில் கெர்ட் ஓசன்பர்க் என்ற பயிற்சியாளரிடம் சேர்ந்து மெல்ல ஏறி வந்தார். 1980 மாஸ்கோவுக்குப் போகலாம் என்றால் மேற்கு ஜெர்மனி புறக்கணித்துவிட்டது. 1982ல் ஏதென்ஸ் ஐரோப்பியப் போட்டியில் 2.02 தாண்டி உலக சாதனை. 1984 லாஸ் ஏஞ்சல்ஸில் அதே 2.02, மறுபடி ஒலிம்பிக் தங்கம். நடுவில் பன்னிரண்டு வருடம். அந்த ஆண்டோடு ஓய்வும் பெற்றுவிட்டார்.

கேள்வி: மல்லாந்து தாண்டும் முறையை இவர்தான் கொண்டுவந்தாரா?

பதில்: இல்லை. 1968 மெக்சிகோவில் அமெரிக்காவின் டிக் ஃபாஸ்பரி அப்படித் தாண்டித் தங்கம் வாங்கியபோதே உலகம் பார்த்துவிட்டது. ஆனால் 1972ல் கூட வயிறு கம்பைப் பார்க்க உருண்டு போகும் ஸ்ட்ராடிலைப் பலர் விடவில்லை. அந்த வருடம் ஆண்களில் ஜெயித்த யூரி டார்மாக்கும் ஸ்ட்ராடில்காரர்தான். வளைந்து ஓடிவந்து, முதுகைக் கம்புக்குக் காட்டி, தலை, இடுப்பு, கால் என்று ஒவ்வொன்றாகக் கடத்துவது ஃபிளாப். எந்த நேரத்திலும் முழு உடம்பும் கம்புக்கு மேலே இருப்பதில்லை என்பதுதான் அதன் சூட்சுமம். ஒரு நிபந்தனை உண்டு: கீழே தடிமனான மெத்தை வேண்டும். எங்கள் பள்ளியில் மணல் குழிதான். பேப்பரில் படம் பார்த்துவிட்டு மல்லாந்து குதிக்கிறேன் என்று வந்த பையனைக் காதைத் திருகி உட்கார வைத்தேன். கழுத்து உடைந்தால் யார் பதில் சொல்வது?

கேள்வி: 1984ல் சோவியத் யூனியனும் கிழக்கு ஜெர்மனியும் வரவில்லை. அந்தத் தங்கம் ஓசியில் கிடைத்ததுதானே மாஸ்டர்?

பதில்: குத்தலான கேள்வி, ஆனால் நியாயம் இருக்கிறது. முந்தின வருடம் ஹெல்சிங்கி உலகப் போட்டியில் இவரைத் தோற்கடித்த சோவியத் வீராங்கனை தமாரா பைக்கோவா வரவில்லை. சில வாரங்களுக்கு முன் 2.07 தாண்டியிருந்த பல்கேரியாவின் லுட்மிலா ஆண்டோனோவாவும் வரவில்லை. அவர்கள் இருந்திருந்தால் வெள்ளியோ வெண்கலமோதான் என்று வாதாடலாம். நான் மறுக்க மாட்டேன்.

ஆனால் 1983 ஆகஸ்டில் லண்டனில் என்ன நடந்தது தெரியுமா? ஐரோப்பியக் கோப்பையில் மைஃபார்த் 2.03 தாண்டி உலக சாதனை படைத்தார். பைக்கோவாவும் அன்றே அதே உயரத்தைத் தாண்டினார். நான்கே நாளில் பீசாவில் 2.04 என்று பைக்கோவா தனியாக எடுத்துக்கொண்டு போனது வேறு கதை. யாரும் இல்லாத மைதானத்தில் ஜெயிக்கப் பழகியவர் அல்ல இவர். லாஸ் ஏஞ்சல்ஸிலும் எதிரே நின்றது மாஸ்கோவில் தங்கம் வாங்கிய இத்தாலியின் சாரா சிமியோனி. அவர் 2.00 வரை வந்தார். அந்த மாஸ்கோவுக்கு இவர் போகவே முடியவில்லை என்பதையும் கணக்கில் சேருங்கள். புறக்கணிப்பு இவருக்குக் கொடுத்ததும் உண்டு, பிடுங்கியதும் உண்டு.

கேள்வி: ஜெர்மனியில் இவரைவிடப் பெரிய ஆள் உண்டா?

பதில்: என் ஓட்டு கிழக்கு ஜெர்மனியின் ரோஸ்மேரி ஆக்கர்மனுக்கு. 1977ல் பெர்லினில் இரண்டு மீட்டரைத் தாண்டிய முதல் பெண். மைஃபார்த்தைவிட உயரம் குறைந்தவர், அதுவும் பழைய ஸ்ட்ராடிலில். மாண்ட்ரீயலில் மைஃபார்த் தடுமாறிய அதே போட்டியில் தங்கம் வாங்கியவர் அவர்தான். அவரைப் பற்றித் தனியாகக் கேளுங்கள், எழுதுகிறேன்.