கை சில்லிடுவது குளிரால் மட்டும்தானா?

தங்கச்சி, செப்டம்பரில் டொராண்டோ வந்ததிலிருந்து ஹீட்டர் ஓடும் அறைக்குள்ளேயும் கை ஐஸ் மாதிரி இருக்கிறது, போகப் போகப் பழகிவிடுமா, டாக்டரிடம் போகணுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போங்கள். நான் போகாமல் இருந்து பட்டவள்.

ஸ்கார்பரோவுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் எனக்கும் இதேதான். "வந்த புதுசு, உடம்பு இன்னும் இந்த ஊருக்குப் பழகவில்லை" என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் நம்பி இரண்டு குளிர்காலத்தை ஓட்டிவிட்டேன். முடி கொட்டியது, பகலெல்லாம் தூக்கம், மலச்சிக்கல், எல்லாவற்றையும் வேலைக் களைப்பு என்றே எடுத்துக்கொண்டேன். கடைசியில் ரத்தப் பரிசோதனையில் தைராய்டு குறைவு என்று வந்தது. மாத்திரை தொடங்கிய சில மாதங்களில் கை சூடானது. நம் பெண்களுக்கு ரத்தசோகையும் அதிகம், அதிலும் கை சில்லிடும். இரண்டையும் சேர்த்தே பார்க்கச் சொல்லுங்கள்.

குளிரில் நெஞ்சு, வயிற்றுச் சூட்டைக் காக்க உடம்பு விரல்களின் ரத்தக் குழாய்களைச் சுருக்கும், அது இயல்பு. ஆனால் சிலருக்கு ஃப்ரீசரைத் திறந்தாலோ, பரீட்சைப் பதற்றத்திலோகூட அது அளவுக்கு மீறிச் சுருங்கி, விரல் முதலில் வெளுத்து, பிறகு நீலமாகி, சூடு வரும்போது சிவந்து குத்தும். ரேனோ என்பார்கள், 1862இல் இதை விவரித்த பிரெஞ்சு மருத்துவரின் பெயர். புத்தகப் படங்களில் எல்லாம் வெள்ளைக்காரர் கைதான் இருக்கும், நம் தோலில் அப்படிப் பளிச்சென்று வெளுக்காது, சாம்பல் பூத்த மாதிரிதான் தெரியும், அதனால் நகத்தையும் உள்ளங்கைப் பக்கத்தையும் பாருங்கள். கிளினிக்குக்குள் போய்ச் சேர்வதற்குள் நிறம் திரும்பிவிடும், ஆகவே நடக்கும்போதே ஃபோனில் படம் எடுத்து வையுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்கு அந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் டாக்டர் பேச்சே மாறியது.

பெரும்பாலும் இது தொந்தரவே தவிர ஆபத்து இல்லை. ஆனால் முப்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கினாலோ, கூடவே மூட்டுவலி, தோல் இறுகுவது, வாய் வறட்சி இருந்தாலோ, உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் லூபஸ், ஸ்கிளீரோடெர்மா மாதிரி நோய் ஏதாவது பின்னால் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரே கை மட்டும் திடீரென்று சில்லிட்டு வலித்தாலோ, விரல் கறுத்தாலோ அன்றைக்கே எமர்ஜென்சிக்குப் போய்விடுங்கள். விரல் நுனியில் புண் வந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த மாத்திரைகளின் பெயரையும் டாக்டரிடம் சொல்லுங்கள், ஒற்றைத் தலைவலிக்குத் தரும் ப்ரோப்ரனோலால்கூடக் கையைச் சில்லிட வைக்கும். நீங்களாக நிறுத்திவிட வேண்டாம்.

அதுவரைக்கும், ஐந்து விரல் கையுறையைவிட விரல்கள் ஒன்றாக இருக்கும் மிட்டன்ஸ்தான் நல்லது. கையைவிட உடம்பைச் சூடாக வைப்பது முக்கியம், உள்ளே தெர்மல் உள்ளாடை போடாமல் எவ்வளவு நல்ல கையுறை வாங்கியும் பயனில்லை. மரத்த கையைக் கொதிக்கும் தண்ணீரில் மட்டும் விடாதீர்கள், சுடுவது தெரியாமலே வெந்துவிடும்; வெதுவெதுப்பே போதும்.

ஃபேமிலி டாக்டர் இன்னும் கிடைக்கவில்லை என்றால் முன்பதிவு இல்லாமலே பார்க்கும் வாக்-இன் கிளினிக் போங்கள். இரவில் பயமாக இருந்தால் 811க்கு அழையுங்கள், இலவசம்தான், ஒரு நர்ஸ் பேசுவார். இந்த வாரமே போய்விட்டு, ரத்தப் பரிசோதனையில் என்ன வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.