மாஸ்டர் சாக்கெட்டிலிருந்து தொடங்குங்கள்: பிராட்பேண்ட் கேள்வி பதில்

கேள்வி: லண்டன் ஹாரோவில் பழைய வரிசை வீடு ஒன்றில் குடியிருக்கிறோம். நான்கு அறைகளில் தொலைபேசி சாக்கெட் இருக்கிறது. ரௌட்டர் மாடியில், பிள்ளைகள் படிக்கும் அறையில் உள்ளது. 65 எம்.பி.பி.எஸ். வேகம் கிடைக்கும் என்று சொல்லித்தான் இணைப்புக் கொடுத்தார்கள். 30-ஐத் தாண்டியதே இல்லை, அதுவும் அடிக்கடி அறுந்துபோகிறது. புதிய ரௌட்டர் அனுப்புகிறோம் என்கிறார்கள். மாற்றினால் சரியாகுமா?

பதில்: மாற்றிப் பார்ப்பதில் தவறில்லை, ஆனால் அதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது, அதற்குச் செலவும் இல்லை. தெருவிலிருந்து வரும் தொலைபேசிக் கம்பி உங்கள் வீட்டுக்குள் நுழைந்து முதலில் வந்து சேரும் வெள்ளைப் பெட்டியைக் கண்டுபிடியுங்கள். பெரும்பாலும் முன்வாசல் அருகிலோ முன்னறைச் சன்னலுக்குக் கீழோ இருக்கும். அதுதான் மாஸ்டர் சாக்கெட். தொழில்நுட்பப் பணியாளர்கள் என்.டி.இ.5 என்பார்கள். தெருவிலுள்ள தொலைபேசிக் கம்பிகளைப் பராமரிக்கும் ஓப்பன்ரீச் நிறுவனத்தின் வலையமைப்பு முடிந்து உங்கள் வீட்டு வயரிங் தொடங்கும் எல்லை அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் பழுது என்றால் திருத்துவது அவர்கள் பொறுப்பு; இந்தப் பக்கம் என்றால் உங்கள் பொறுப்பு, பணியாளர் வந்து பார்த்ததற்குக் கட்டணமும் கேட்கலாம். ஆகவே பழுது எந்தப் பக்கம் என்று தெரிந்துகொண்டு பேசுவது மிகவும் முக்கியம்.

முகப்பின் நடுவே குறுக்காக ஒரு கோடு ஓடுகிறதா என்று பாருங்கள். இருந்தால், கீழ்ப்பாதியிலுள்ள இரண்டு திருகாணிகளைக் கழற்றி அந்தப் பாதியை மெதுவாக உங்கள் பக்கம் இழுக்கலாம். புதிய வகையில் திருகாணி இருக்காது. இரு பக்கமும் அழுத்தி முன்தகட்டை எடுக்க வேண்டும். அதற்குப் பின்னால் வலப்பக்கத்தில் இன்னொரு சாக்கெட் தெரியும். அதுவே சோதனை சாக்கெட். மற்ற அறைகளுக்குப் போகும் வயர்கள் எல்லாம் நீங்கள் கழற்றிய பாதியின் முதுகில் கட்டப்பட்டிருப்பதால், அதை எடுத்த அந்தக் கணமே வீட்டு வயரிங் முழுவதும் இணைப்பிலிருந்து விலகிவிடுகிறது. பெட்டியின் மேற்பாதியையும் சுவரோடு பொருத்தப்பட்ட பகுதியையும் தொடாதீர்கள். அவை உங்களுடையவை அல்ல.

இப்போது அதே ரௌட்டரைக் கீழே கொண்டுவந்து, குரலையும் பிராட்பேண்டையும் பிரிக்கும் ஃபில்டர் ஒன்றின் வழியாகச் சோதனை சாக்கெட்டில் செருகி, இரண்டு நாள் அப்படியே விட்டுவையுங்கள். வேகம் உயர்ந்து, அறுந்துபோவதும் நின்றுவிட்டால், குற்றம் ரௌட்டரின்மேல் இல்லை, உங்கள் வீட்டுச் சுவர்களுக்குள் ஓடும் வயரில் என்று உறுதியாகச் சொல்லலாம். எதுவுமே மாறவில்லை என்றால் பழுது ரௌட்டரிலோ தெருப்பக்கத்திலோ இருக்கிறது. அந்த நிலையில் புதிய ரௌட்டரை அதே சோதனை சாக்கெட்டில் பொருத்திப் பார்த்தால் மீதிச் சந்தேகமும் தீரும்.

நான்கு சாக்கெட் உள்ள பழைய வீடு என்பதால், எனக்கு வயரிங்மேல்தான் சந்தேகம். மனிதக் குரலுக்கு ஏறக்குறைய 4 கிலோஹெர்ட்ஸ் வரை போதும். அதற்காகப் போட்ட வயரில்தான் இன்று பிராட்பேண்டைக் கொண்டுவரும் வி.டி.எஸ்.எல்.2 சைகை 17 மெகாஹெர்ட்ஸுக்கும் மேலே வரை பயணம் செய்கிறது. அந்த உயரத்தில், யாரும் பயன்படுத்தாத அறைக்குப் போய் அந்தரத்தில் முடியும் வயர்கூடச் சைகையைத் திருப்பி அனுப்பிக் குழப்பும். நீளமான வயர் வானொலி அலைகளையும் மின்சாதன இரைச்சலையும் வாங்கி உள்ளே விடும். இதில் மிகவும் தொல்லை தருவது 3-ஆம் முனையில் கட்டப்படும் மணி வயர். பழைய தொலைபேசிகளின் மணியை அடிக்கப் போட்டது அது. இன்றைய தொலைபேசிகளுக்குத் தேவையே இல்லை. பேச்சும் பிராட்பேண்டும் 2, 5 ஆகிய இரு முனைகளில் மட்டுமே ஓடுகின்றன. அந்த இரண்டு வயர்களும் ஒன்றோடொன்று முறுக்கி, சமநிலையில் இருப்பதால்தான் இரைச்சல் கழிந்துபோகிறது; மூன்றாவது வயர் வந்து ஒட்டிக்கொள்ளும்போது அந்தச் சமநிலை குலைகிறது. கழற்றிய பாதியின் பின்புறத்தில் 3-ஆம் முனையிலுள்ள வயரை மட்டும் எடுத்துவிடுங்கள். அந்தப் பாதி வெளியே இருக்கும்போது அதில் மின்னோட்டம் இராது. பொருத்தியிருக்கும்போது மட்டும் கை வைக்காதீர்கள்: இணைப்பில் ஏறக்குறைய 50 வோல்ட் இருக்கும், மணி அடிக்கும்போது அதைவிட அதிகமாகி வலிக்கும்படி தாக்கும்.

நிலையான தீர்வு, ஃபில்டர் உள்ளேயே அமைந்த முன்தகட்டை மாஸ்டர் சாக்கெட்டில் பொருத்தி, ரௌட்டரை அதன் அருகிலேயே வைத்துவிடுவதுதான். மாடி அறைக்கு ஈதர்நெட் கேபிள் ஒன்றைக் கொண்டுபோங்கள். ஈதர்நெட் கேபிளில் 50 மீட்டர் போனாலும் வேகம் குறையாது. தட்டையான தொலைபேசி வயரை 10 மீட்டர் நீட்டினாலே வி.டி.எஸ்.எல். பாதிக்கப்படலாம். பிள்ளைகள் படிக்கும் அறைக்கு நல்ல இணைப்பு வேண்டும் என்று நினைத்துத்தான் ரௌட்டரை மாடிக்குக் கொண்டுபோயிருப்பீர்கள். ஆனால் அங்கு இருப்பதனாலேயே அது மெலிந்த சைகையை வாங்குகிறது.

ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். தெருமுனைப் பச்சைப் பெட்டியிலிருந்து உங்கள் வீடு வரை கம்பி ஒரு கிலோமீட்டரைத் தாண்டினால், எவ்வளவு சுத்தமாக வயரிங் செய்தாலும் இவ்வகை இணைப்பின் உச்சபட்சமான 80 எம்.பி.பி.எஸ். வேகத்தில் பாதிகூடக் கிடைக்காது. உங்கள் நிறுவனம் ஒப்பந்தத்தில் உறுதியளித்த குறைந்தபட்ச வேகம் என்ன என்று பாருங்கள். பிரிட்டனின் தகவல்தொடர்புக் கண்காணிப்பு அமைப்பான ஆஃப்காமின் பிராட்பேண்ட் வேக நடத்தை விதிகளை ஏற்ற நிறுவனமாக இருந்தால், அந்த வேகத்தை 30 நாளுக்குள் தர முடியாதபோது அபராதமின்றி விலக உங்களுக்கு உரிமை உண்டு.

கேள்வி: ரௌட்டரின் அமைப்புத் திரையில் டெசிபல் கணக்குகள் வருகின்றன. எதைப் பார்க்க வேண்டும்? இணைப்பு மெதுவானால் நான் உடனே ரௌட்டரை நிறுத்திப் போடுகிறேன், அது சரியா?

பதில்: இரண்டை மட்டும் பாருங்கள். ஒன்று, இரைச்சல் இடைவெளி. சைகை இரைச்சலைவிட எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதன் அளவு. வழக்கமாக 6 டெசிபல் அளவில் இருக்கும். பகலில் 6, இரவில் 2 என்று ஆடினால் எங்கோ இரைச்சல் நுழைகிறது என்று பொருள். மற்றொன்று பிழை எண்ணிக்கை. அது மணிக்கு மணி எப்படி ஏறுகிறது என்பதே முக்கியம், மொத்த எண் முக்கியமில்லை.

அடிக்கடி நிறுத்திப் போடும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். உங்கள் இணைப்பை மறுமுனையில் தானியங்கி மேலாண்மை முறை ஒன்று கவனித்துக்கொண்டே இருக்கிறது. ஒரே நாளில் இணைப்பு பலமுறை அறுந்து சேர்ந்தால், அது நீங்கள் வேண்டுமென்றே செய்ததா பழுதா என்பதை அதனால் எப்போதும் பிரித்தறிய முடிவதில்லை. நிலையற்ற இணைப்பு என்று முடிவுகட்டி வேகத்தைக் குறைத்துவிடும். குறைப்பதற்கு ஓர் இரவு போதும். மறுபடி உயர்த்துவதற்குப் பல நாட்கள் எடுக்கும்.

கேள்வி: எங்கள் வீட்டில் விசித்திரமாக நடக்கிறது. பிராட்பேண்ட் அறுந்து கிடக்கும்போது யாராவது லேன்ட்லைனுக்கு அழைத்தால், உடனே இணைப்பு வந்துவிடுகிறது. பிறகு சில மணி நேரத்தில் மீண்டும் போய்விடுகிறது. தொலைபேசியில் லேசான கரகரப்பும் கேட்கிறது.

பதில்: விசித்திரம் ஏதும் இல்லை, மிகவும் தெளிவான அறிகுறியை எழுதியிருக்கிறீர்கள். கம்பத்திலோ நிலத்தடிப் பெட்டியிலோ ஓர் இணைப்பு துருப்பிடித்து, கம்பிகள் ஒன்றையொன்று சரியாகத் தொடாமல் இருக்கிறது. மணி அடிக்கும்போது பாயும் மின்னோட்டம் அந்தத் துருப் படலத்தைத் தற்காலிகமாகத் துளைத்துத் தொடுகையை உண்டாக்குகிறது; சிறிது நேரத்தில் படலம் மீண்டும் மூடிக்கொள்கிறது. மழைக்குப் பின் மோசமாகிறதா என்பதையும் கவனித்துக் குறித்துவையுங்கள்.

உங்களிடம் இன்னும் பழைய லேன்ட்லைன் இருப்பதால், வயர் உள்ள சாதாரணத் தொலைபேசியைச் சோதனை சாக்கெட்டில் செருகி 17070 என்ற எண்ணை அழைத்து, அமைதிச் சோதனைக்கான 2-ஐ அழுத்துங்கள். பதிவுக் குரலுக்கு இடையே முழு அமைதி இருக்க வேண்டும். கரகரப்புக் கேட்டால், அதைப் பிராட்பேண்ட் பழுதாகச் சொல்லாமல் தொலைபேசிக் குரல் பழுதாகவே புகார் செய்யுங்கள். என் கருத்தில் அதுவே விரைவான வழி, ஏனென்றால் பிராட்பேண்ட் பழுது என்றால் முதலில் ரௌட்டரைப் பற்றித்தான் பேசுவார்கள். சோதனை சாக்கெட்டிலேயே கேட்டதாகத் தவறாமல் சொல்லுங்கள். சேவை முற்றாக நின்றுபோய், இரண்டு முழு வேலைநாள் கடந்தும் சரிசெய்யப்படவில்லை என்றால், தானியங்கி இழப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்த நிறுவனங்கள் அதற்குப் பிந்திய ஒவ்வொரு நாளுக்கும் தொகை தர வேண்டும். 2019 ஏப்ரலிலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது.

கேள்வி: தினமும் மாலை 5 மணியளவில் இணைப்பு அறுகிறது. நள்ளிரவுக்குப் பின் சரியாகிவிடுகிறது.

பதில்: நேரம் தவறாமல் வரும் பழுது என்றால் மின்சாதனத்தைத் தேடுங்கள். பேட்டரியில் ஓடும் மத்திய அலை வானொலி ஒன்றை 600 கிலோஹெர்ட்ஸ் அருகே, எந்த நிலையமும் இல்லாத இடத்தில் வைத்து, மாலையில் வீடு முழுவதும் எடுத்துச் செல்லுங்கள். ‘கிர்ர்’ என்ற இரைச்சல் உரத்துக் கேட்கும் இடத்தில் மலிவான மின்மாற்றியோ அலங்கார விளக்கோ தொலைக்காட்சியோ இருக்கும். அதை நிறுத்தியதும் இரைச்சல் நின்றால் கண்டுபிடித்துவிட்டீர்கள்.

கேள்வி: ஈஸ்ட்ஹாமில் தனியாக இருக்கும் அம்மாவின் தொலைபேசியை டிஜிட்டலுக்கு மாற்றப்போவதாகக் கடிதம் வந்திருக்கிறது. அவசர உதவிப் பொத்தானைக் கழுத்தில் அணிந்திருக்கிறார். சுவர் சாக்கெட்டுகள் வேலை செய்யுமா?

பதில்: பழைய தொலைபேசி வலையமைப்பு 2027 ஜனவரி இறுதியில் மூடப்படவிருக்கிறது. மாற்றியபின் மாஸ்டர் சாக்கெட்டில் பிராட்பேண்ட் மட்டுமே வரும். தொலைபேசியை ரௌட்டரின் பின்னால் செருக வேண்டும். குரலும் பிராட்பேண்டும் ஒரே கம்பியில் இனிச் சேர்ந்து வராததால் ஃபில்டர் தேவையில்லை. மற்ற அறைகளின் சாக்கெட்டுகள் மௌனமாகிவிடும்.

உதவிப் பொத்தானைப் பற்றி நாள் குறிப்பதற்கு முன்பே பேசுங்கள். அந்தக் கருவியை வழங்கிய அமைப்பிடம், டிஜிட்டல் இணைப்பில் அது வேலை செய்யுமா என்று எழுத்தில் கேட்டுப் பதில் பெறுங்கள். மின்சாரம் நின்றால் ரௌட்டரும் நின்றுவிடும், தொலைபேசியும் நின்றுவிடும். லேன்ட்லைனை மட்டுமே நம்பியிருப்பவர்களுக்கு, மின்தடையின்போது குறைந்தது ஒரு மணி நேரமாவது அவசர உதவி எண்ணான 999-ஐ அழைக்க வழி செய்து தர வேண்டும் என்பது ஆஃப்காமின் நெறி. அம்மா தனியாக இருக்கிறார், உதவிப் பொத்தான் பயன்படுத்துகிறார் என்ற இரண்டையும் நிறுவனத்திடம் பதிவு செய்து, பேட்டரிப் பெட்டியைக் கேட்டு வாங்குங்கள். மாற்றிய அன்று யாராவது உடனிருந்து, பொத்தானை ஒருமுறை அழுத்தி, மறுமுனையில் பதில் வருகிறதா என்று பார்த்த பிறகே வீட்டைவிட்டுக் கிளம்புங்கள்.